இடக்காலின் வேலை

'தானியங்கி' என்ற சொல்லில் ஒரு சிறிய ஏமாற்று இருக்கிறது. தானே இயங்குவது தானியங்கி என்கிறோம். உண்மையில் தானே இயங்குவது என்று உலகில் எதுவும் இல்லை. இயக்குவது எது என்று கண்ணுக்குத் தெரியாதபோது அப்படிச் சொல்லிவிடுகிறோம். சோறு தானாக வெந்து இலைக்கு வருகிறது என்று நம்பிய ஆண்கள் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காரின் ஆட்டோமேட்டிக் கியரும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஓட்டுபவரின் இடக்கால் கிளட்சை மிதித்தும் இடக்கை கியரை மாற்றியும் செய்துவந்த வேலையை வண்டி தானே செய்துகொள்கிறது என்று சொல்கிறோம். செய்வது அதன் வயிற்றில் கிடக்கும் ஆறரை லிட்டர் சிவப்பு எண்ணெய்.

இலக்கியம் பேசுமிடத்தில் கியர்பாக்ஸுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பழைய சுவடிகளைக் காப்பதுபற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். சுவடியைத் தூசி தட்டி, எண்ணெய் பூசி, காற்றாட வைத்துக் காக்கிறார்கள். அது சுவடியானாலும் 2,14,000 கிலோமீட்டர் ஓடிய காரானாலும், பழைய பொருளொன்றை உயிரோடு வைத்திருப்பது ஒரே வகைக் கவனத்தைத்தான் கேட்கிறது. அந்தக் கவனத்தைப் பற்றியே எழுத நினைக்கிறோம்.

இங்கே 'நாங்கள்' என்பது இருவரைக் குறிக்கும். ஒருவர் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் ஒரத்தநாட்டுக்கு அப்பால் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. எழுதுவது முதலாமவரின் கையென்றாலும் எழுதப்படுவது இருவரின் வாழ்க்கை; வண்டியோ இரண்டாமவருடையது. ஆசிரியைக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. இடக்கால் மெலிந்துபோயிற்று, காலிப்பர் அணிந்து நடக்கிறார். வலக்காலுக்கு ஒரு குறையுமில்லை. இந்தியாவில் பல்ஸ் போலியோ சொட்டுமருந்து இயக்கம் தொடங்கியது 1995இல். கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். போலியோ ஒழிந்தது என்ற சான்று கிடைத்தது 2014 மார்ச் 27 அன்று. எங்கள் தலைமுறையின் பள்ளிகளில் காலை இழுத்து நடந்த பிள்ளைகளைப் பார்க்காதவர் இல்லை. இன்று எங்கள் முன் அமர்ந்திருக்கும் மாணவர்கள் அந்த நடையைத் தம் வயதினரிடம் பார்த்ததே இல்லை. மகிழ்ச்சிதான். ஆனால் நோய் ஒழிந்த பிறகும் அதனால் பாதிக்கப்பட்டவர்கள் நாற்பது, ஐம்பது வயதில் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தச் சான்று கிடைத்த அதே 2014இல் இந்தக் காரை வாங்கினோம். நான்கு ஆண்டுப் பழைய சிறிய கார். 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. சிறிய கார்களில் ஆட்டோமேட்டிக் அப்போது அரிது. கிளட்ச் மிதி இல்லாத மலிவான ஏ.எம்.டி. வகை, மாருதி செலேரியோவோடு இந்தியச் சந்தைக்கு வந்ததே அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான். எனவே பழைய வண்டியே எங்களுக்கு வாய்த்தது.

ஆசிரியையின் ஓட்டுநர் உரிமத்தில் 'இன்வேலிட் கேரேஜ்' என்று அச்சாகியிருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உடற்குறை உள்ளவர்களின் வண்டிக்கு வைத்திருந்த பெயர் அது. அந்த ஆங்கிலச் சொல்லை ஒரு விதமாக உச்சரித்தால் நோயாளி; வேறு விதமாக உச்சரித்தால் செல்லாதது. தமிழில் 'செல்லாத' என்று பெயர்த்துப் பார்த்தால் இன்னும் விசேஷம்: மதிப்பற்றது என்றும் பொருள், போகாதது என்றும் பொருள். நாள்தோறும் போக வர 60 கிலோமீட்டர் செல்லும் வண்டிக்கு இந்தப் பெயர். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கி, தகவமைக்கப்பட்ட வண்டி என்ற பொருள்தரும் சொல்லை வைத்தது. சட்டம் சொல்லை மாற்ற 31 ஆண்டுகள் ஆயின. வண்டி அதற்காகக் காத்திருக்கவில்லை.

*

இனி எண்ணெய்க்கு வருவோம். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய், திறந்த அறைக்குப் பதில் மூடிய பாத்திரம், நடுவே எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடும் சிறிய மூன்றாவது விசிறி. டார்க் கன்வெர்ட்டர் என்பது இவ்வளவே. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காகச் சிந்தித்து 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. திரவத்தால் இணையும் தானியங்கிக் கியர்பாக்ஸைக் கார்களில் பெருமளவில் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ். 1939இல், ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில், 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற பெயரில்.

விசிறிகளுக்குப் பின்னால் பற்சக்கரங்கள். நடுவில் சூரியன், அதைச் சுற்றிக் கோள்கள், வெளியே வளையம். இவை நாங்கள் சூட்டிய பெயர்கள் அல்ல, பொறியாளர்கள் வழங்குபவையே. எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறுகிறது. பிடிப்பவை, காகிதம்போன்ற உராய்வுப் பரப்பு ஒட்டப்பட்ட மெல்லிய தட்டுகள். தட்டுகளை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம். ஆக, விசையைக் கடத்துவது, தட்டை அழுத்துவது, பல்லுக்கு வழுவழுப்பு தருவது, சூட்டைச் சுமந்து வெளியேற்றுவது, தேய்ந்த துகளைக் கொண்டுபோய் வடிகட்டியில் சேர்ப்பது என எல்லாம் எண்ணெயின் பொறுப்பு.

இதில் ஒரு முரண் உண்டு. பற்சக்கரங்களுக்கு எண்ணெய் வழுக்க வேண்டும். தட்டுகளுக்கு வழுக்கக் கூடாது, அதே நேரம் வெடுக்கென்று பிடிக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே திரவத்தில் சேர்ப்பதுதான் வேதியியலின் திறமை. அமெரிக்காவில் 1970களின் தொடக்கம்வரை இந்தப் பக்குவத்துக்காக எண்ணெயில் கலக்கப்பட்டது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். அருகிவரும் உயிர்களைக் காக்கும் சட்டங்கள் வந்த பிறகே மாற்றுப் பொருள்களைத் தேடினார்கள். ஆசிரியை இதை எட்டாம் வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "அப்ப உங்க கார்லயும் திமிங்கலம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். இல்லையென்றதும் வகுப்பு முழுவதும் ஆறுதலோ ஏமாற்றமோ தெரியாத ஒரு பெருமூச்சு விட்டதாம்.

*

காரோடு வரும் கையேட்டைப் படிப்பவர்கள் குறைவு. உரை படித்துப் பழகியவர்கள் என்பதால் நாங்கள் படித்தோம். கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு எதிரே, சாதாரணப் பயன்பாட்டில் மாற்ற வேண்டியதில்லை என்று இருந்தது. இதைத்தான் பட்டறைகளில் 'லைஃப்டைம் ஆயில்' என்கிறார்கள். ஆயுட்காலம் என்றால் யாருடைய ஆயுள்? ஓட்டுபவருடையதா, வண்டியுடையதா, உத்தரவாதக் காலத்துடையதா? எண்ணெயின் ஆயுள்வரை என்றால் அது எல்லா எண்ணெய்க்கும் பொருந்தும். எழுவாய் மறைந்த வாக்கியங்களில் எச்சரிக்கை தேவை என்று முதலாண்டு மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறோம்.

விடை அடிக்குறிப்பில் இருந்தது. கடும் பயன்பாடாயின் குறித்த தொலைவில் மாற்ற வேண்டும் என்று சொல்லி, கடும் பயன்பாடு எதுவென்று ஒரு பட்டியல் தரப்பட்டிருந்தது: 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெரிசலில் ஓட்டுவது, புழுதிச் சாலை, மலைச் சாலை, அடிக்கடி நின்று புறப்படும் ஓட்டம். படித்துவிட்டுச் சிரித்தோம். அது தமிழ்நாட்டின் புவியியல் பாடம். சித்திரை வெயிலில் கீழவாசல் நெரிசலில் ஊர்ந்து, அறுவடைக் காலத்தில் நெல் காயும் சாலையில் டிராக்டருக்குப் பின்னால் நின்று நின்று போகும் வண்டிக்குச் 'சாதாரணப் பயன்பாடு' ஒருநாளும் வாய்ப்பதில்லை.

வெப்பமே இந்த எண்ணெயின் எமன். சுமார் 80 டிகிரிவரை நெடுங்காலம் தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. துல்லியமான விதியன்று, ஆனால் போக்கைச் சொல்லிவிடுகிறது. எனவே 90,000 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றச் சொன்னோம். 'தேவையில்லை' என்று சீட்டில் எழுதிய பட்டறை, நாங்கள் வற்புறுத்தவே அடித்திருகைக் கழற்றி, வடிந்ததை வடியவிட்டு, அந்த அளவுக்குப் புதியதை ஊற்றிக்கொடுத்தது.

*

2023 தொடக்கத்தில், 1,80,000 கிலோமீட்டரை நெருங்கியபோது ஒரு நடுக்கம் தொடங்கியது. 50, 60 வேகத்தில் ஒரே சீராகப் போகும்போது, சாலையில் வரிசையாகப் போட்ட சிறு மேடுகள்மீது ஏறிச் செல்வதுபோல வண்டி அதிரும். ஒன்றிரண்டு நொடியில் நின்றுவிடும். காலையில் லீவரை 'டி'யில் போட்டால் வண்டி யோசித்துவிட்டுத்தான் அசையும்.

முதலில் காட்டிய பட்டறையில் வண்டி பதினெட்டு நாள் கிடந்தது. முடிவாக, கியர்பாக்ஸை முழுதாக மாற்ற 1,40,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வண்டியை விற்றாலே அதைவிடச் சற்றுத்தான் கூடுதலாகக் கிடைக்கும். "வித்துட்டுப் புதுசா எடுத்துக்குங்க சார்" என்றார்கள். ஓட்டுபவர் பக்கத்திலேயே நின்றிருக்க, பேச்சு முழுவதும் 'சாரி'டமே நடந்தது.

அந்தப் பதினெட்டு நாளும் ஆசிரியை பள்ளிக்குப் போகாமல் இல்லை. ஸ்கூட்டரில் கொண்டுவிடப்பட்டார்; சக ஆசிரியரின் காரில் ஏற்றிவரப்பட்டார்; ஒருநாள் ஆட்டோவில் அனுப்பிவைக்கப்பட்டார். செயப்பாட்டுவினையை இத்தனை ஆண்டு கரும்பலகையில் எழுதிக்காட்டியிருக்கிறோம். அதன் கனம் அந்த நாட்களில்தான் வீட்டுக்குள் வந்தது. யாரும் முகம் கோணவில்லை. எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள். ஆனால் பள்ளி முடிந்தபின் ஒரு பிள்ளையின் வீட்டை எட்டிப்பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தால், இன்னொருவரின் நேரத்தைக் கேட்க வேண்டும். கடைசி மணி அடிக்குமுன்பே பையை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் நாள் ஆசிரியை சொன்னார்: "கொண்டுவிடுறதுக்கு ஆள் இருக்குங்கிறதும், நானே போறேங்கிறதும் ஒண்ணு இல்லீங்க." புதிய கார் வாங்கலாமே என்பவர்களுக்கு: வீட்டுக்கடனும் மகளின் கல்லூரிக் கட்டணமும் நடக்கும் வீட்டில் அந்த 'லாமே'யின் விலை பல லட்சம்.

வண்டியை அங்கிருந்து எடுத்துத் திருச்சியில் ஆட்டோமேட்டிக் வேலை மட்டுமே செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அறுபது வயதுக்காரர், இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு கொட்டகை. முதலில் அவர் கேட்டது, "யாரு ஓட்டுறது?" ஆசிரியையை ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தார். பிறகு அளவுகோலை உருவி முகர்ந்துபார்த்தார். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டார். பழுப்பாகப் பரவியது. கருகல் வாடை லேசாக இருந்தது.

அவர் விளக்கியது இது. சீரான வேகத்தில் எரிபொருளை மிச்சப்படுத்த, டார்க் கன்வெர்ட்டரின் இரு விசிறிகளையும் ஒரு சிறு கிளட்ச் நேராகப் பூட்டிவிடும். எண்ணெயின் பக்குவம் கெட்டால் அந்தக் கிளட்ச் வழுக்கிப் பிடித்து, பிடித்து வழுக்கும். அதிர்வு அதுதான். பெட்டி தேய்ந்துபோனதாக இப்போதே முடிவுகட்ட வேண்டியதில்லை. முதலில் எண்ணெயைப் பார்ப்போம். அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே ஒட்டியிருந்த காந்தங்களில் சாம்பல் நிறச் சேறு மைபோலப் படிந்திருந்தது. விரல்நுனியில் எடுத்துக் காட்டினார். "இது தேய்மானம் டீச்சர், ஓடுன வண்டிக்கு இருக்கத்தான் செய்யும். பளபளன்னு துண்டு துண்டா இருந்தாத்தான் பயப்படணும்." துண்டு எதுவும் இல்லை.

பின்னர் ஒரு கணக்கு. மொத்த எண்ணெய் ஆறரை லிட்டர். அடியில் திறந்தால் வடிவது சுமார் 2.6 லிட்டர், அதாவது 40 சதவீதம். மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். 90,000த்தில் மாற்றியபோது 60 சதவீதம் பழையதாகவே இருந்திருக்கிறது. இதற்கு எந்திரம் வைத்து மொத்தமாக அலசுவது ஒரு வழி. வயதான பெட்டிக்கு அவர் அதை விரும்பவில்லை. படிந்து கிடப்பதைக் கிளப்பி நுண்ணிய வழிகளில் அடைத்துவிடும் என்பது அவர் அச்சம். மாறாக, ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை வடித்து ஊற்றச் சொன்னார். முதல்முறை 40 சதவீதம் புதியது. இரண்டாம் முறை 64. மூன்றாம் முறை 78. நூறு ஆவதே இல்லை. ஆனால் 78 போதும். புதிய வடிகட்டி, புதிய கேஸ்கெட், கையேட்டில் சொன்ன தர எண்ணுக்குரிய எண்ணெய். 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று விற்பதைத் தொடவேண்டாம் என்றார். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. அது ஒழுகும்போது எஞ்சின் எண்ணெயிலிருந்து பிரித்தறிய இடப்பட்ட சாயம் மட்டுமே. மூன்று தடவைக்கும் சேர்த்து, முதல் பட்டறை சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. முதல் மாற்றத்தில் அதிர்வு குறைந்தது. மூன்றாவதில் நின்றது.

பழைய பெட்டியில் எண்ணெயை மாற்றினால் கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. தட்டுகள் முற்றாகத் தேய்ந்த பெட்டியில், எண்ணெயில் மிதக்கும் துகள்களே கொஞ்சம் பிடிப்பைத் தந்துகொண்டிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்கள் எண்ணெயை மாற்றக் கொண்டுவருகிறார்கள். எப்படியும் போகவிருந்தது போகிறது, பழி எண்ணெய்க்கு. கடைசி நேரத்தில் அழைக்கப்படும் வைத்தியரின் நிலைமைதான்.

*

அதற்குப் பிறகு நாள்தோறும் செய்வது என்னவென்றால், பெரும்பாலும் பொறுமை. வண்டி முழுதாக நின்றபிறகே 'ஆரி'லிருந்து 'டி'க்கு. சரிவில் நிறுத்தும்போது முதலில் கைப்பிரேக், பிறகே 'பி'. இல்லாவிட்டால் வண்டியின் பாரம் முழுவதும் உள்ளே இருக்கும் ஒரு சிறு கொக்கியின்மீது விழும். மேட்டில் நிற்க நேர்ந்தால் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப்பிடிக்காமல் பிரேக்கில் நிற்பது. தாங்கிப்பிடித்தால் அந்த விசையெல்லாம் எண்ணெய்க்குள் சூடாக மாறும். இறக்கத்தில் 'என்'னில் போட்டு உருளவிடுவதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு விடுமுறையில் ஏறி இறங்கியபோது, முழுதும் தாழ்ந்த கியரிலேயே வைத்திருந்தார் ஆசிரியை. பெட்டியும் மேலும் கீழும் தடுமாறவில்லை, பிரேக்கும் கருகவில்லை.

ரேடியேட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வண்டியில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து ரோஸ்மில்க் நிறத்தில் வரும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் தட்டுகளின் கதை பெரும்பாலும் முடிந்தது. ஆகவே உப்பு மிகுந்த போர் தண்ணீரை ஊற்றுவதில்லை, கூலன்ட் மட்டுமே. 2,00,000 தாண்டியதும் ரேடியேட்டரைக் கெடுமுன்பே மாற்றினோம்.

எங்கள் ஊர்ப்பக்கத்தின் நல்ல குணம் ஒன்றும் இந்தப் பெட்டிக்கு ஆகாது. வண்டி நின்றால் நாலு பேர் டீக்கடையிலிருந்து எழுந்து வந்து கேட்காமலே தள்ளுவார்கள். இந்த வகை வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. எண்ணெயை அழுத்தும் பம்பு எஞ்சினால் ஓடுவது, எஞ்சின் ஓடாமல் அழுத்தம் இல்லை. கயிறு கட்டி இழுத்துப்போவதும் கூடாது. முன்சக்கரங்களைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். வந்தவர்களிடம் இதை விளக்கினால் மனம் வருந்துகிறார்கள். அதனால் பேட்டரியை மூன்றாண்டுக்கொருமுறை மாற்றிவிடுகிறோம்.

ஞாயிறு காலையில் சமதளத்தில் நிறுத்தி, ஒரு சுற்று ஓடிச் சூடான எஞ்சினை ஓடவிட்டபடியே, லீவரை எல்லா இடங்களுக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டு, அளவுகோலை உருவிப் பார்க்கிறோம். எங்கள் வண்டிக்கு முறை இது. சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டும், பலவற்றில் அளவுகோலே இல்லை. துணியால் துடைத்தால் நூல் உள்ளே போகும் என்பதால் தாள்தான். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கிலோமீட்டர், நிறம், வாடை. வாடை என்ற கட்டத்தில் இரண்டாண்டாக 'இல்லை' என்றே எழுதிவருகிறோம்.

இதெல்லாம் பெட்டியைச் சாகாமல் காப்பாற்றும் என்று நாங்கள் நம்பவில்லை. தட்டுகளில் ஒட்டியிருக்கும் பரப்பு இவ்வளவுதான். தேய்ந்தால் எண்ணெயால் வளர்க்க முடியாது. அன்றைக்குப் பிரித்துக் கட்ட வேண்டும், அல்லது வண்டியை விட்டுவிட வேண்டும். 2023இலிருந்து தபால் நிலையத்தில் மாதம் 1,500 ரூபாய் தொடர்வைப்பு கட்டிவருகிறோம். ஆசிரியை அதற்கு வைத்த பெயர் 'கால் கணக்கு'. பாசத்தால் அல்ல, கணக்குப் போட்டே இந்த வண்டியை வைத்திருக்கிறோம் என்று வெளியில் சொல்லிக்கொள்வதுண்டு. அது பாதி உண்மை. பதினொரு ஆண்டாக ஒரு மனுஷியை யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்குக் கொண்டுபோன ஒன்றை வெறும் இரும்பு என்று சொல்ல வாய் வருவதில்லை. 'கொண்டுபோன' என்று எழுதிவிட்டோம். ஆசிரியை படித்துவிட்டுத் திருத்தச் சொல்கிறார். அது கொண்டுபோகவில்லையாம். அவர் போனாராம், அது கூட வந்ததாம்.

அடுத்த எண்ணெய் மாற்றம் 2,20,000இல். நோட்டின் அட்டையில் அவர் கையெழுத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறது.